சிறுதொழில் கேள்வி–பதில்: கடவுச்சொல் முதல் கார்பன் கணக்கு வரை

ஐரோப்பிய பையர் ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் கார்பன் கணக்கு கேட்கிறார். எந்த மென்பொருளை வாங்கலாம்? (பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்)

மென்பொருள் இப்போது வேண்டாம். ஓராண்டு மின்கட்டண ரசீதுகள், ஜெனரேட்டருக்கு வாங்கிய டீசல் பில்கள், மாதவாரியாக அனுப்பிய உருப்படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஓர் எக்செல் தாளில் ஏற்றுங்கள். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு என்று பெருக்கினால், உங்கள் கூரைக்குக் கீழே நடப்பதன் கணக்கு அன்றைக்கே கிடைத்துவிடும். ஆனால், வெட்டித் தைத்து அயர்ன் செய்யும் இடத்தின் பங்கு சிறியது. நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும்தான் பெரும்பகுதி இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூடல் உத்தரவுக்கு ஆளான சாயப்பட்டறைகள், கழிவுநீரைத் துளியும் வெளியேவிடாத முறையில் இன்று இயங்குகின்றன. நொய்யல் ஆற்றுக்கு அது அவசியம். எனினும் அந்த நீரைச் சவ்வில் வடிகட்டவும், மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவும் மின்சாரமும் விறகும் ஏராளமாகச் செலவாகின்றன. ஆகவே, ஜாப் ஒர்க் கொடுக்கும் பட்டறையிடம் ஒரு கிலோ துணிக்கு எத்தனை யூனிட், எவ்வளவு விறகு என்று மாதந்தோறும் எழுதி வாங்குங்கள். கிடைக்காத எண்ணை மதிப்பீடு என்று குறிப்பிட்டே கொடுங்கள். இட்டுக்கட்டி நிரப்பினால் தணிக்கையின்போது சான்று கேட்பார்கள்.

சென்ற ஆண்டு விற்றுமுதல் 4 கோடியாகக் குறைந்துவிட்டது. இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறுவது) போடுவதை நிறுத்தலாமா? (மொத்த விற்பனையாளர், ஈரோடு)

நிறுத்தக் கூடாது. 2017-18 முதல் ஏதாவது ஓராண்டில் 5 கோடியைத் தாண்டியிருந்தாலும், ஜி.எஸ்.டி. பதிவுள்ள வாடிக்கையாளருக்குப் போடும் பில்லுக்குக் கட்டாயம் தொடரும்.

பழைய கணக்காளர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஜி.எஸ்.டி. தளத்தின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது, ஓ.டி.பி.யும் அவர் எண்ணுக்கே போகிறது. (பாத்திர உற்பத்தியாளர், கும்பகோணம்)

ஊர் மட்டும் மாறி, இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் படிக்க வேதனையாக இருக்கிறது. பதிவு எடுத்த அன்று "எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவருடைய கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்க விட்டதன் விளைவு இது. உங்கள் வட்டார ஜி.எஸ்.டி. அலுவலரிடம் அடையாளச் சான்றும், தொழில் உங்களுடையது என்பதற்கான ஆவணங்களும் இணைத்து மனுக் கொடுங்கள். எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தற்காலிகக் கடவுச்சொல் வரச் செய்வார்.

உள்ளே நுழைந்ததும் ரிட்டர்ன் பகுதிக்குப் போகாதீர்கள். முதலில் நோட்டீஸ்களும் ஆணைகளும் இருக்கும் பகுதிகளைத் திறந்து பாருங்கள். 'கூடுதல் நோட்டீஸ்' என்று தனியாக ஒரு பகுதி இருப்பதே பலருக்குத் தெரியாது. விளக்கம் கேட்ட நோட்டீஸ் அங்கே ஏறிக் கிடக்கும். பதில் வராததால் ஒருதலைப்பட்சமாக ஆணை பிறந்திருக்கும். வங்கிக் கணக்கு முடங்கும் நாளில்தான் முதலாளிக்கே செய்தி எட்டும். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அதைத் தாண்டினால் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். தளத்தில் மட்டும் ஏற்றப்பட்ட நோட்டீஸ் கண்ணில் படவில்லை என்று முறையிட்ட பலருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மறுவாய்ப்பு அளித்திருக்கிறது. ஆனால் அவர்களில் பலர், கேட்கப்பட்ட வரியில் 10 சதவீதம் போன்ற ஒரு பகுதியை முதலில் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கைபேசி எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது.

கணக்காளரை நான் குறை சொல்லவில்லை. ரிட்டர்ன் போடும் வேலை அவருடையது, ஓ.டி.பி. வரும் எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். இணையதளப் பெயரை வடிவமைப்பாளரின் பெயரிலும், வாட்ஸ்அப் பிசினஸ் எண்ணை விற்பனைப் பையனின் சிம்மிலும் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

மின்கட்டணம் தாங்கவில்லை. கூரையில் சோலார் போடலாமா? (தகடு வேலைப் பட்டறை, அம்பத்தூர்)

போடலாம், ஆனால் கம்ப்ரஸர் குழாய்களில் ஒழுகும் காற்றை அடைத்த பிறகு. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே ஏறத்தாழ 3 கிலோவாட்டை, அதாவது மணிக்கு 3 யூனிட்டை, விழுங்கும். ஒரு கிலோவாட் சோலார் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட்தான் தரும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் ஓட்டுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை லோடு எடுத்தால், அவ்வளவும் கசிவு. குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். தினமும் காலையில் மீட்டர் அளவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்; அந்த நோட்டு இல்லாமல் எந்த சோலார் விற்பனையாளரோடும் பேசாதீர்கள்.

கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டு பணம் கேட்கிறது. உடனே வழி சொல்லவும். (அச்சகம், சிவகாசி)

என்ன மென்பொருள், எத்தனை கணினிகள், பேக்கப் எங்கே என்று ஒரு வரிகூட எழுதாமல் உடனே வழி கேட்டால் எப்படிச் சொல்வது? பணம் கட்டாதீர்கள். நெட்வொர்க் கம்பியைக் கழற்றுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னை ஜி.எஸ்.டி. தளத்திலிருந்து இறக்கினால் விற்பனைக் கணக்கின் பெரும்பகுதியை மீட்கலாம். டி டிரைவில் எடுத்து வைப்பது பேக்கப் ஆகாது. கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் போல்ட்டுக்குக் கார்பன் வரி உண்டா? (ஏற்றுமதியாளர், கோவை)

உண்டு, போல்ட்டுக்கான சுங்கக் குறியீடு 7318 பட்டியலில் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் இறங்கும் சரக்குக்குச் செலுத்த வேண்டியவர் அங்குள்ள இறக்குமதியாளர், விவரம் தர வேண்டியவர் நீங்கள். அவர் ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குக் குறைவாக எடுப்பவர் என்றால் விலக்கு உண்டு. கம்பி எந்த ஆலையில் உருக்கப்பட்டது என்ற சான்றிதழைக் கோப்பில் வையுங்கள்.

பெரிய நிறுவனம் 120 நாள் கழித்தே பணம் தருகிறது. (உதிரிபாக உற்பத்தியாளர், ஓசூர்)

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான். இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக ஏறும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். சரக்கு அனுப்பிய பின் எடுத்த பதிவை வைத்து வழக்காடுவது சிரமம். சண்டை வேண்டாம் என்றால் அந்த நிறுவனத்தை டிரெட்ஸ் தளத்தில் (பில்லைக் காட்டி வங்கிகளிடம் முன்கூட்டியே பணம் பெறும் இணையச் சந்தை) பில்லை ஏற்கச் சொல்லுங்கள். ஏற்ற சில நாட்களில் வட்டி கழித்துப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். நிறுவனம் பிறகு கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பக் கேட்க மாட்டார்கள்.