நாற்பது நாள் கோழிக்கு ஆறு விசில் வேண்டாம்

கேள்வி: பிராய்லர் கோழியில் எப்படிக் குழம்பு வைத்தாலும் ஊரில் அம்மா வைத்த ருசி வருவதில்லை, கறியும் சக்கையாகிவிடுகிறது. நீங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்? வெளியே சாப்பிடுவதென்றால் கோழியில் என்ன வாங்குவீர்கள்?

எனக்கும் இந்தக் கேள்வி ரொம்ப நாள் இருந்தது. விடை சொன்னது அம்மாதான். அதற்கு முன்னால் நான் எந்தக் கோழியைச் சாப்பிட்டு வளர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒரம்பரை வந்தால்தான் வீட்டில் கோழி அடிப்பார்கள். விருந்தாளிக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். முந்தின நாள் சாயங்காலமே அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஒரு வெடக்கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவார். இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளங்கோழிதான் வெடக்கோழி. காலையில் றெக்கை பிடுங்கி, மஞ்சள் பூசி, பனையோலைத் தீயில் வாட்டி, மறுபடி மஞ்சள் தேய்த்துக் கழுவிய பிறகே அது அரிவாள்மணைக்குப் போகும். தோலை யாரும் உரித்ததில்லை, ருசியில் பாதி அந்த வாட்டின தோலில் இருந்தது.

மண்சட்டியில் சின்ன வெங்காயம் வதக்கிக் கறியைப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றி விறகடுப்பில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகமெல்லாம் வறுத்து அம்மியில் அரைத்த மசாலாவைச் செலவு என்போம். அந்தச் செலவைக் கரைத்து ஊற்றுவதற்கு முன்னால் ஆளுக்கு அரை டம்ளர் சாறு மோந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார் அம்மாயி. மிளகு நுணுக்கிப் போட்ட சாறு, மேலே பொன் நிறத்தில் கொழுப்பு மிதக்கும். அதன் வாசம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

2009ல் வேலைக்குச் சென்னை வந்து அம்பத்தூரில் அறை எடுத்துத் தங்கினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ பிராய்லர் வாங்கி, அம்மாயி செய்த வரிசையிலேயே எல்லாம் செய்தேன். அடுப்பு மட்டும் கேஸ், சட்டிக்குப் பதில் குக்கர். ஊர்க்கோழி ஒரு மணி நேரம் வேகுமே என்று ஆறு விசில் விட்டேன். திறந்து பார்த்தால் எலும்பு தனியாகக் கிடக்கிறது, கறி நாராகப் பிரிந்து மிதக்கிறது, குழம்பில் மல்லியின் பச்சை வாசம் போகவே இல்லை. அன்றைக்கு அறையில் மூன்று பேரும் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டோம்.

ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "அது நாப்பது நாள் கோழி சாமி, அதுக்கெதுக்கு ஆறு விசிலு? செலவ மொதல்ல நல்லாக் கொதிக்க உடு. கறிய கடைசியா எறக்குனாப் போதும்" என்றார்.

நான் இன்று வரை பின்பற்றுவது அந்த ஒரு பேச்சைத்தான். நாட்டுக்கோழியில் கறி வேகும் நேரத்தில் மசாலாவும் வெந்துவிடும். பிராய்லர் கறி இருபது நிமிடத்தில் வெந்துவிடும், அதற்குள் மசாலா வேகாது. மசாலா வேகட்டும் என்று காத்திருந்தால் கறி சக்கை, கறி பதமாக இருக்கிறதென்று இறக்கினால் குழம்பு பச்சை. ஒரே சட்டியில் ஒரே நேரத்தில் இரண்டையும் போடுவதால் வரும் சிக்கல் இது.

காரணம் கோழியின் வயசு. பிராய்லர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஊர்க்கோழி ஒன்றரைக் கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும், அத்தனை நாளும் குப்பையைக் கிளறி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடி வளர்ந்த தசையில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வயசாக ஆக இறுகும். மெதுவாக வெகுநேரம் வெந்தால்தான் அது இளகிச் சாற்றில் கலக்கும். நாட்டுக்கோழிச் சாறு உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். பிராய்லர் கறியில் இளகுவதற்கு அவ்வளவு இல்லை. கூடுதல் நேரம் வேகவைத்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியே போய், நார் மட்டும் மிஞ்சும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிராய்லர் வேகமாக வளர்வது ஹார்மோன் ஊசியால் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை வருகிறது. அது உண்மை இல்லை. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது, கூடவே மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனம். பல்லடம் பக்கம் என் சொந்தக்காரர்கள் கம்பெனிக்குக் கோழி வளர்க்கிறார்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும், இவர்களுக்குக் கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி. ஆயிரக்கணக்கான கோழியைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஊசி போடக் கட்டுப்படியாகாது. கவலைப்பட வேண்டிய விஷயம் ஆன்டிபயாடிக். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019ல் மத்திய அரசு தடை போட்டது. நாம் பயப்பட வேண்டியது அந்தப் பக்கம்.

சரி, குழம்பு. ஒரு கிலோ கறிக்கு என் அளவு சொல்கிறேன்.

கடையில் "குழம்புக்கா, வறுவலுக்கா?" என்று கேட்பார்கள். குழம்புக்கு என்று சொல்லிக் கொஞ்சம் பெரிய துண்டாக வெட்டச் சொல்லுங்கள், சின்னதாக வெட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும். கழுத்தையும் முதுகெலும்பையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கறியில் உப்பு, மஞ்சள், இரண்டு ஸ்பூன் தயிர் பிசறி அரை மணி நேரம் வைத்துவிடுவேன். கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் பிடிப்பதில்லை, தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலெல்லாம் படும். குண்டாவில் தண்ணீர் வைத்து அலசிவிட்டுத் தொட்டியை சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

கழுத்து, முதுகெலும்பு இரண்டையும் ஒரு துண்டு இஞ்சியோடு குக்கரில் போடுங்கள். ஆறு விசில் இதற்கு விடலாம். அந்தச் சாறுதான் பிராய்லரில் இல்லாத கனத்தைக் குழம்புக்குக் கொடுக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய குழம்புக்கும் இதற்கும் முதல் வாயிலேயே வித்தியாசம் தெரியும்.

செலவுக்கு மூன்று மேசைக்கரண்டி மல்லி, எட்டுக் காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் சோம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுச் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். மல்லி நிறம் மாறி வாசம் கூடத்துக்கு வரும்போது நிறுத்திவிடலாம். பிறகு பத்துச் சின்ன வெங்காயமும் ஒரு கைப்பிடித் தேங்காயும் வதக்கி, எல்லாம் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டுத் திப்பிதிப்பியாக அரைத்தால் குழம்பு தண்ணீர் வேறு மசாலா வேறாகப் பிரிந்து நிற்கும்.

சட்டியில் எண்ணெய், கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன வெங்காயம். நன்றாகச் சிவக்கட்டும். இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி. தக்காளி கரைந்ததும் அரைத்த செலவைப் போட்டு எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை வதக்கி, எலும்புச் சாற்றை ஊற்றிப் பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கறி இன்னும் உள்ளே போகவில்லை. இப்போது ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். குழம்பாகவே ருசிக்க வேண்டும், பச்சை வாசம் துளியும் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கறி. மூடி போட்டுச் சின்னத் தீயில் இருபது நிமிடம். தொடைத் துண்டின் எலும்போரத்தில் ரத்தச் சிவப்பு இல்லாமல் சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது. இறக்கி மூடியபடி கால் மணி நேரம் விட்டுவிடுங்கள், உப்பும் காரமும் கறிக்குள் இறங்கும்.

இது அம்மாயி வைத்த குழம்பின் ருசி கிடையாது. இருந்தாலும் இதற்கென்று ஒரு ருசி உண்டு, என் பிள்ளைகளுக்கு இதுதான் வீட்டுக் குழம்பு.

நாட்டுக்கோழி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மாதம் திரிந்த ஊர்க்கோழி பட்டணத்தில் சுலபமாகக் கிடைக்காது. கடையில் அந்தப் பேரில் இருப்பவற்றில் பண்ணையில் வளர்த்த கலப்பினங்கள் நிறைய. வனராஜா, கிரிராஜா, நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி எல்லாம் நல்ல இனங்கள்தான், ஆனால் ஊர்க்கோழி விலை கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று முட்டைக்கோழி. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்து, ஒன்றரை வயசு வாக்கில் கறிக்கு விற்கப்படுவது. விலை குறைவு, கறி முரடு. பலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். மிளகு தட்டிப்போட்டு நிதானமாக வேகவிட்டால், பட்டணத்தில் எனக்குக் கிடைத்ததில் அம்மாயியின் சாற்றுக்கு மிகப் பக்கத்தில் வருவது முட்டைக்கோழிச் சாறுதான்.

வெளியே சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வெளியே கோழிக்குழம்போ கிரேவியோ வாங்குவதில்லை. பல கடைகளில் வெங்காயம் தக்காளிக் கிரேவியைக் காலையிலேயே செய்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் வெந்த கறியை அதில் பிரட்டிக் கொடுக்கிறார்கள். கறி ஒரு ருசி, கிரேவி ஒரு ருசி. பெரிய தீயும் பெரிய இரும்புச் சட்டியும் தேவைப்படும் வறுவல் வகைகளை வெளியே சாப்பிடுவேன். வீட்டு பர்னரில் ஒரு கிலோ கறியைச் சட்டியில் கொட்டினால் சூடு இறங்கி, கறி விடும் நீரிலேயே அவிந்துவிடும். வறுபடாது. வீட்டில் வறுவல் செய்தால் கால் கிலோ கால் கிலோவாகப் போடுவதற்கு இதுதான் காரணம்.

வறுவலில் என் மனசு பள்ளிபாளையம் சிக்கனுக்குத்தான் போகும். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். என் மாமா அங்கே தறி வைத்திருந்தார். சனிக்கிழமை கூலி போட்ட பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன மெஸ்ஸுக்குப் போவார். மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது, தக்காளியும் கிடையாது. எண்ணெய், நிறையச் சின்ன வெங்காயம், விதை உதறிக் கிள்ளிப்போட்ட காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய், பொடியாக வெட்டின கறி. அவ்வளவுதான். விதை போய்விடுவதால் கைநிறைய மிளகாய் போட்டாலும் காரம் மண்டையைப் பிளக்காது, நிறமும் வாசமும் மட்டும் ஏறும். பொடி போடாத அந்தச் சட்டியில் கறி நன்றாக இல்லையென்றால் ஒளிக்க இடமே இல்லை. அதனால் கடையைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் அது நல்ல வழி. இன்று சென்னையில் பள்ளிபாளையம் என்று போட்டு மசாலாத்தூள் கொட்டிக் கொடுக்கும் கடைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சிக்கன் 65ம் வாங்குவேன். மவுண்ட் ரோட்டில் 1951ல் தொடங்கிய புஹாரி ஓட்டலில் 1965ல் அறிமுகமானதால் அந்தப் பேர் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. கறிவேப்பிலையோடு பொரித்து உடனே தட்டுக்கு வந்தால் அருமை. விரலில் சிவப்பு ஒட்டிக் கழுவினாலும் போகாவிட்டால் அது மிளகாய் நிறம் இல்லை, சாயம். அந்தக் கடைக்கு மறுபடி போவதில்லை.

ஷவர்மா பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பதில்லை. அந்தக் கம்பியில் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். கூட்டம் சேர்ந்தால் வேகாததையும் சீவிவிடுவார்கள். மேலே பச்சை முட்டை மயோனைஸ். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். எங்கள் ஊருக்குப் பக்கம். அந்தச் செய்தி வந்த நாளில் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது 2025 ஏப்ரலில்தான்.

மீந்த குழம்புக்கு ஒரு குறிப்பு. ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் சூடாக்கும்போது கறித் துண்டுகளைத் தனியே எடுத்துவிடுங்கள். குழம்பை மட்டும் தளதளவென்று கொதிக்கவிட்டு, கடைசி மூன்று நிமிடம் கறியைப் போட்டு உள்வரை நன்றாகச் சூடேறியதும் இறக்கிவிடுங்கள். முந்தின நாளைவிட மசாலா இறங்கியிருக்கும், கறியும் மென்மையாகவே இருக்கும். எங்கள் வீட்டில் திங்கட்கிழமைக் காலைத் தோசைக்கு இதுதான்.