டெமரேரின் பாய்மரங்கள்

கேள்வி: ஆங்கில ஓவியர் டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ ஓவியத்தில் கப்பல், சூரியன், புகைபோக்கி என எல்லாமே தப்பாமே! அதைப் போய் இப்படிக் கொண்டாடலாமா?

பதில்: தாராளமாகக் கொண்டாடலாம். டிரஃபால்கர் கடற்போரிலிருந்து சிதைந்து திரும்பிய, பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பலில் ஏறிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவர் டர்னர். கப்பல் தெரியாமல் அவர் தவறியிருப்பார் என்பது நம்பும்படி இல்லை.

அதே 1805 போரில் நெல்சனுக்குப் பின்னாலேயே வந்து அடிபட்டுப் போரிட்டது, 98 பீரங்கிகள் கொண்ட டெமரேர். 1838-இல் ஜான் பீட்சன் என்ற கப்பல் உடைப்பு வணிகர் அதை 5,530 பவுண்டுக்கு வாங்கினார். தேம்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஷியர்னஸிலிருந்து ஆற்றின் வழியே மேற்கே லண்டனின் ராதர்ஹைத் வரை, செப்டம்பர் 5, 6 இரண்டு நாள், இரண்டு நீராவிப் படகுகள் இழுத்து வந்தன. பாய்மரங்களையும் பீரங்கிகளையும் கடற்படை முன்பே கழற்றிக்கொண்டதால் வந்தது வெறும் மரக்கூடு. டர்னர் ஒரு படகை நீக்கிவிட்டு மூன்று பாய்மரங்களையும் திருப்பி நட்டார். மொட்டைக் கூட்டைப் பார்த்து யாருக்கு நெஞ்சு வலிக்கும்?

மேற்கே போகும் கப்பலுக்கு மறையும் சூரியன் முன்னால் இருக்க வேண்டும். படத்தில் பின்னால் இருக்கிறது. சரி, அதை விடுங்கள். புகைபோக்கிதான் முக்கியம். இழுவைப் படகில் பாய்மரம் முன்னாலும் புகைபோக்கி அதற்குப் பின்னாலும் இருப்பதே வழக்கம். டர்னர் புகைபோக்கியை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதனால் கறுத்த குழாய் முதலில் கண்ணில் படுகிறது. அதன் தீப்புகை பின்னோக்கிச் சுருண்டு, வெளிறிய பழைய கப்பலின் பாய்மரங்கள்மேல் படர்கிறது. 1845-இல் இதைச் செதுக்கி அச்சுப்படமாக்கிய வில்மோர், இரண்டையும் இடம் மாற்றி ஒழுங்குபடுத்தினார். இயந்திரம் சரியானது, படத்தின் வேகம் போயிற்று. உங்கள் கேள்விக்கு அந்த அச்சுப்படமே போதுமான பதில்.

கொடியையும் கவனியுங்கள். விற்றுப்போன கப்பலுக்குப் பிரிட்டிஷ் கொடி இல்லை. படகில் ஒரு வெள்ளைத் துணி மட்டும் பறக்கிறது.

1839-இல் காட்சிக்கு வைத்த பிறகு டர்னர் இதை யாருக்கும் விற்கவில்லை. இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. சுமார் 91 × 122 செ.மீ. அருகே போனால் வானத்தில் சாயம் கட்டிகட்டியாக அப்பியிருப்பது தெரியும். கப்பலோ மெல்லிய பூச்சில், மென்கோடுகளில் நிற்கிறது. சிவப்பை ஏற்றி அச்சிட்ட மலிவுப் பிரதிகளில் முதலில் காணாமல் போவது இந்த வேறுபாடுதான். அடுத்து காணாமல் போவது, இடப்பக்கம் மேலே இருக்கும் சிறு பிறை.