யாழ்ப்பாணத்துத் தண்ணீரும் குசினித் தூள்களும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடந்த சில கிழமைகளில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கண்ணாடிச் சாமான் கழுவுவது பற்றியவை. பாடசாலை ஆய்வுகூடத்தில் பல வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து முகவைகளையும் சோதனைக் குழாய்களையும் கழுவியவள் நான். அங்கே பழகியதைத்தான் வீட்டுக் குசினியிலும் செய்கிறேன். எந்தத் தூளை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னம், படிந்திருப்பது என்ன என்று பாருங்கள். சுண்ணாம்பு என்றால் புளிப்புத் தூள், எண்ணெய் என்றால் சோடாத் தூள், தேத்தண்ணிக் கறை மாதிரிச் சாயம் என்றால் ஒட்சிசன் விடும் தூள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு.

ரீச்சர், கலியாணத்துக்கு வந்த கிளாஸ் செட். ஆறு மாதத்துக்குள் பால் படிந்த மாதிரி மங்கிப் போயிற்று. ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருக்கிறது, காய்ந்தால் பழையபடிதான். கிளாஸ் தரமில்லையா, நான் கழுவுவது பிழையா? (கோப்பாய்)

கிளாஸும் பிழையில்லை, நீங்களும் பிழையில்லை. தண்ணீர்தான் காரணம். வலிகாமத்தில் கிணறு வெட்டிய ஆரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு எங்கள் வாளிக்குள் வருகிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. குடிப்பதும் கழுவுவதும் பெரும்பாலும் அந்தக் கல்லுக்குள் நின்ற தண்ணீரில்தான்.

கழுவிக் கவிழ்த்த கிளாஸில் ஒரு துளி காய்ந்தால் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் ஆறு மாதத்தில் எத்தனை படை என்று பாருங்கள். நனைந்திருக்கும்போது அந்தச் சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டிச் சவுக்காரத்தால் கழுவுகிறீர்கள் என்றால் அதுவும் சேரும். வன்நீரில், அதாவது இப்படிச் சுண்ணாம்பு கரைந்த தண்ணீரில், சவுக்காரம் நுரைப்பதற்கு முன்னம் கல்சியத்தோடு சேர்ந்து ஒரு சாம்பல் நிறப் பசையாகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. கிளாஸுக்குப் பாத்திரம் கழுவும் திரவமே நல்லது.

இப்போது செய்ய வேண்டியது இது. கேக் சாமான் விற்கும் கடையில் சிற்றிக் அசிட் கேளுங்கள். பாடப்புத்தகத்தில் சித்திரிக்கமிலம் என்று படித்தோமே, அதேதான், சீனி மாதிரி வெள்ளைத் தூள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, கிளாஸ்களை அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். முதல் சில நிமிடத்தில் கண்ணாடிச் சுவரில் ஊசிமுனை அளவு குமிழிகள் எழும்பும். சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு விரலால் தடவிப் பாருங்கள், மணல்தாள் போல இருந்த இடம் வழுக்கும். அலசியவுடனே பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். தானாகக் காய விட்டால் நாளைக்குத் திரும்பவும் படை தொடங்கும். பொன்விளிம்பு வைத்த கிளாஸை மட்டும் ஊறப்போட வேண்டாம்.

ஒரு விசயத்தை முதலிலேயே சோதியுங்கள். மங்கிய இடத்தில் தேசிப்புளி ஒரு துளி விட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கழுவித் துடையுங்கள். அந்த வட்டம் தெளிந்தால் சுண்ணாம்பு, காப்பாற்றலாம். தெளியாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. கொதிதண்ணீரிலும் கடும் சோடாத் தூளிலும் மீண்டும் மீண்டும் கழுவினால் அப்படி நடக்கும். அதை எந்தத் தூளும் திருப்பித் தராது. பாவம், காசைச் செலவழிக்காதீர்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஆய்வுகூடத்து வழி ஒன்று உண்டு. கிளாஸை நிரப்பி ஊற்றிவிட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர் துளித்துளியாகத் தங்கினால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. மெல்லிய படலமாக முழுக்க வழிந்தால் சுத்தம்.

எங்கள் கிணறு சவர். கிளாஸில் வெள்ளை பிடிக்கிறது. இதற்கும் சிற்றிக் அசிட்டா? (வேலணை)

முதலில் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிப் பாருங்கள். சவர்த் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் கறியுப்பு. அது வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுவதுதான் சுண்ணாம்பு, அதற்கு மட்டும் அசிட். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை விடச் சிறந்தது வேறில்லை.

கரண்ட் கேத்தலின் அடியில் கல்லு மாதிரிப் படிந்திருக்கிறது. சிற்றிக் அசிட் போட்டு இரண்டு தடவை நன்றாகக் கொதிக்க வைத்தேன். கொஞ்சம் போனது, பிறகு புதிதாக வெள்ளைத் தூள் மிதக்கிறது. (நெல்லியடி)

கொதிக்க வைத்ததுதான் பிரச்சினை. சுண்ணாம்பும் சிற்றிக் அசிட்டும் சேர்ந்து கல்சியம் சித்திரேற்று என்ற உப்பு உண்டாகிறது. வழமைக்கு மாறாக அது சூடு கூடக் கூடக் குறைவாகவே கரையும். நீங்கள் கண்ட வெள்ளைத் தூள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த முறை தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, கேத்தலை நிறுத்தி, வயரைக் கழற்றிய பிறகு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி தூளைப் போடுங்கள். அரை மணி நேரம் விட்டு ஊற்றுங்கள். தடித்த படை என்றால் புதுக் கரைசலில் இன்னொரு தடவை. கத்தியால் சுரண்ட வேண்டாம். முடிந்ததும் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு தடவை ஊற்றிவிட்டுப் பாவியுங்கள்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்தால் நுரை பொங்கி அழுக்கெல்லாம் கிளம்பும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். நான் செய்தால் ஒன்றும் கிளம்பவில்லை.

கிளம்பாது. புளிப்பும் சோடாவும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். பொங்குவது காபனீரொட்சைட்டு. பொங்கி முடிந்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். சின்க் குழாய்க்குள் லேசாக அடைத்ததை அந்தப் பொங்கல் அசைத்துக் கொடுக்கலாம், அதற்கு மேல் இல்லை. இரண்டையும் பாவிக்க விருப்பம் என்றால் தனித்தனியாகப் பாவியுங்கள். முதலில் சோடாவால் எண்ணெயை எடுத்து அலசுங்கள், அப்புறம் புளிப்பால் சுண்ணாம்பை எடுங்கள்.

அப்பச்சோடா மிக மென்மையான தூள். கண்ணாடியைக் கீறாது, அதனால் ஈரத்துணியில் தொட்டுத் தேய்க்க நல்லது. ஆனால் எண்ணெயை வெட்டும் பலம் வாஷிங் சோடாவுக்குத்தான் உண்டு. கடையில் வாஷிங் சோடா கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். அப்பச்சோடாவை எவர்சில்வர்த் தட்டில் பரப்பி 200 பாகை செல்சியஸ் அவணில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் காபனீரொட்சைட்டும் போய்விட, 100 கிராமில் ஏறக்குறைய 63 கிராம் சோடியம் காபனேற்று மிஞ்சும். அலுமினியத் தட்டு வேண்டாம். ஆறியதும் போத்தலில் போட்டுப் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, சமையல் சாமானுக்கு எட்டத்தில் வையுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஆரும் அதை எடுத்து அப்பமாவுக்குள் போட்டுவிடக் கூடாது.

நல்லெண்ணெய்ப் போத்தலுக்குள் மஞ்சளாகப் பிசின் பிடித்திருக்கிறது. வாய் ஒடுக்கம், கை போகாது. (சாவகச்சேரி)

இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைப் போத்தல், வாஷிங் சோடா இரண்டு தேக்கரண்டி, ஒரு பிடி பச்சையரிசி. இரவு ஊற விட்டு, காலையில் மூடிக் குலுக்குங்கள். அரிசி மூலைமுடுக்கெல்லாம் போய் உரசிக்கொண்டு வரும். மணல் போடாதீர்கள், மணல் கண்ணாடியை விடக் கடினம், உள்ளே கீறிவிடும். குளிர்ந்த போத்தலில் கொதிதண்ணீர் ஊற்றினால் வெடிக்கும், அதுவும் கவனம். வாஷிங் சோடா கைத்தோலைக் காயவைக்கும், கையுறை போடுங்கள்.

சுடுதண்ணிப் போத்தலின் உட்புறம் தேத்தண்ணிக் கறையால் கறுத்துவிட்டது. ஒட்சிசன் பிளீச் தூள் போடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு முன்னம் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி ஆறினால் மேலே மினுமினுப்பான ஆடை ஒன்று பிடிக்கும், கவனித்திருப்பீர்கள். தேயிலைச் சாயமும் கல்சியமும் சேர்ந்து உண்டாவது அது. தேசிக்காய் பிழிந்த பிளேன்ரீயில் அந்த ஆடை வராது, புளிப்பு அதை விடாது. போத்தலுக்குள் ஒட்டியிருப்பதும் சாயமும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிந்த படைதான். எனவே முதலில் சிற்றிக் அசிட் கரைசலை அரை மணி நேரம் விட்டு ஊற்றி, நன்றாக அலசுங்கள்.

பிறகு ஒட்சிசன் பிளீச், அதாவது சோடியம் பெர்காபனேற்று, ஒரு மேசைக்கரண்டி. அதன் மேல் 60 பாகை அளவு சூடான தண்ணீரை மெல்ல மெல்ல விடுங்கள். தண்ணீர் பட்டதும் அது வாஷிங் சோடாவாகவும் ஐதரசன் பரவொட்சைட்டாகவும் பிரியும். பரவொட்சைட்டுத்தான் சாயத்தை வெளிறச் செய்கிறது. குளிர்ந்த தண்ணீரில் அது அநேகமாகத் தூங்கும். சூட்டில் நுரைத்துக்கொண்டு மேலே வரும், ஆகவே சின்க்குக்குள் வைத்துச் செய்யுங்கள். தயவுசெய்து மூடியைப் போடாதீர்கள். உள்ளே ஒட்சிசன் வாயு வந்துகொண்டே இருக்கும், மூடினால் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். அரை மணி நேரத்தில் மண்ணிறத் தண்ணீரை ஊற்றினால் வெள்ளிக் கண்ணாடி தெரியும். இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

கிணற்றுக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருக்கிறது. அதைக் குளியலறை ரைல்ஸுக்கும் கிளாஸுக்கும் பாவிக்கலாமா? சிற்றிக் அசிட்டையும் சேர்த்தால் இன்னும் பலம்தானே?

சேர்க்கவே வேண்டாம். இந்தப் பதிலை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரீன் வாயு வரும். சிற்றிக் அசிட், வினாகிரி, தேசிப்புளி, கழிவறை கழுவும் அமிலத் திரவம் எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை கழிவறையில் அந்தத் திரவத்தை ஊற்றிவிட்டு, போதாதென்று மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவினாள். கதவு சாத்தியிருந்தது. நான் ஓடிப் போனபோது வாசற்படியில் குந்தியிருந்து மூச்சு இழுக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள், கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. வெளிக்காற்றில் இருத்தி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நல்லகாலம், தப்பிவிட்டாள். குளோரீன் காற்றை விடப் பாரமானது. தாழ்ந்து, நிலத்தோடு தங்கும். குனிந்து நின்று தேய்ப்பவரின் முகத்துக்கே வரும். அந்த மணம் வந்தால் கழுவி முடிக்கலாம் என்று நிற்காதீர்கள், கதவைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது, அதிலும் நச்சு வாயுதான்.

கிளாஸுக்கு அது தேவையே இல்லை. அதில் உள்ளது கல்சியம், கடைசியில் அதுவும் வெள்ளையாகப் படியும். கிணற்றுக்கு வாங்கியதைக் கிணற்றுக்கே வையுங்கள். இறுக்கி மூடி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல்.

அலுமினியச் சட்டியில் வாஷிங் சோடா போட்டு ஊற வைத்தேன். கறுத்துவிட்டது.

சோடா அலுமினியத்தைத் தின்னும். இனிமேல் போடாதீர்கள். சட்டி நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு தேசிக்காய் பிழிந்து பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், கறுப்புப் பெரும்பாலும் போய்விடும்.

அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணியைச் சிற்றிக் அசிட்டில் இரவு முழுக்கப் போட்டேன். காலையில் இளஞ்சிவப்பாகி இருக்கிறது. பழுதாகிவிட்டதா?

கவலைப்பட வேண்டாம். பித்தளை என்றால் செம்பும் நாகமும் (சிங்க்). புளிப்பில் நெடுநேரம் கிடந்தால் மேற்பரப்பில் உள்ள நாகம் கரைந்து செம்பு மட்டும் தெரியும். அப்பச்சோடாவைக் களியாகக் குழைத்து மெல்லத் தேய்த்தால் அந்தப் படை போய் மஞ்சள் திரும்பும். இனி இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் புளிப்பில் விடாதீர்கள், பழம்புளியும் அப்படியே. மூக்கின் உட்புறத்தைத் தும்புத் திரியால் தேய்த்து, அலசி, வெயிலில் காயவிடுங்கள்.

முந்தி சாம்பலால்தானே எல்லாம் மினுக்கினோம்? இந்தத் தூள்களெல்லாம் தேவையா? (உரும்பிராய்)

நியாயமான கேள்வி. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் காபனேற்று இருக்கிறது, வாஷிங் சோடாவின் சகோதரம். எண்ணெய்ச் சட்டிக்கு இன்றைக்கும் அது நல்ல தூள். ஆனால் உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே சரக்கு. சட்டிபானைக்குச் சரி, கண்ணாடிக்கு ஆகாது, மெல்லிய கீறல் விழும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் சவுக்காரம் கிடைக்காமல் இருந்தபோது பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். கரண்ட் இல்லை, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்தோம். அந்தப் பழக்களியில் நுரை தரும் சபோனின் இருப்பதைப் பிறகு படித்து அறிந்தபோது எனக்குப் பெரிய சந்தோசம். புகை பிடித்த அந்தப் போத்தலை அம்மா காலையில் நீற்றுச் சாம்பலை அரித்து, ஈரத்துணியில் தொட்டுத் துடைப்பார். அரிப்பில் தங்கும் பரும்படியை எறிந்துவிடுவார். கீறல் விழாததற்கு அந்த அரிப்புத்தான் காரணம். உங்களிடம் விறகடுப்பு இருந்தால் நீங்களும் அப்படியே அரித்துப் பாவியுங்கள்.