சாவி ஏறாத ஆட்டோமேட்டிக் வாட்ச்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஈடிஏ 2824-2 மெஷின் உள்ள வாட்ச். பகல் முழுக்கக் கையில் கட்டியிருந்தும், இரவு பத்து மணிக்குக் கழற்றி வைத்தால் காலை ஆறுக்குள் நின்றுவிடுகிறது. மெயின் ஸ்பிரிங் (வாட்ச்சை ஓட்டும் சுருள்வில்) போய்விட்டதா?

பதில்: ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். வாட்ச் தானாக நின்றபின், குமிழை வெளியே இழுக்காமல் (மறையில் திருகி மூடும் குமிழாக இருந்தால் அந்த மறையை மட்டும் கழற்றிவிட்டு) 40 சுற்று சாவி கொடுங்கள். கைச்சாவி வாட்ச்சைப் போல் கடைசியில் இறுகி நிற்காது. ஸ்பிரிங்கின் வெளி நுனி, அது சுருண்டிருக்கும் உருளைப் பெட்டியான பேரலின் சுவரில் வழுக்கி ஓடும்படிதான் ஆட்டோமேட்டிக்கில் அமைப்பு. பிறகு டயல் மேலே பார்க்க மேசையில் வைத்துவிட்டு, தொடாமல் எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த மெஷின் ஏறக்குறைய 38 மணி நேரம் ஓட வேண்டும். ஓடினால் ஸ்பிரிங்கின் மேல் குற்றமில்லை, ரோட்டார் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 20 மணி நேரத்திலேயே நின்றால் பழி பேரலுக்கோ சக்கரங்களுக்கோ. பேரல் சுவரில் இடும் பிரேக் கிரீஸ் காய்ந்திருந்தாலோ, அதற்குப் பதில் சாதாரண கிரீஸ் தடவியிருந்தாலோ, ஸ்பிரிங் முழுதாக ஏறுமுன்பே வழுக்கிவிடும். சக்கரங்களில் அழுக்கு இருந்தாலும் இதே அறிகுறிதான். முழுச் சாவியில் டைம்கிராஃபரில் (வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) ஆம்பிளிட்யூடு (ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சுக் கோணம்) 270 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 220-க்குக் கீழே கிடந்தால் முழு சர்வீஸ் தேவை.

ரோட்டார் பக்கம் சந்தேகம் என்றால், பின்மூடி கண்ணாடியாக இருப்பவர்கள் எளிதாகப் பார்த்துவிடலாம். குமிழைத் திருகும்போது ரோட்டார் லேசாகத் துடிக்கலாம். குமிழோடு சேர்ந்து விசிறி போல் சுற்றினால் ரிவர்சர் சக்கரங்கள் (ரோட்டார் எப்பக்கம் சுற்றினாலும் சாவி ஏறச் செய்பவை) ஒட்டியிருக்கின்றன. அவை இரண்டு உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் மிகச் சிறிய கிளிக்குகள் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கொக்கிகள்) இருக்கும். கழற்றிய சக்கரத்தின் ஒரு தட்டைப் பிடித்து மறு தட்டைச் சுழற்றினால் ஒரு திசையில் தடையின்றி ஓடி, மறு திசையில் உடனே பிடிக்க வேண்டும். சற்றுத் தாமதித்துப் பிடித்தாலே சக்தி வீணாகும். பல இடங்களில் இங்கேதான் தவறு நடக்கிறது: ‘ஒட்டுகிறதே’ என்று ஒரு துளி எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய்ப் பசையில் அந்தக் கிளிக்குகள் இன்னும் மோசமாக ஒட்டும். நன்றாகக் கழுவி, லூபெட்டா வி105 என்ற மசகுக் கரைசலில் முக்கி எடுத்து, உலரவிட்டுப் பூட்டுவதே முறை. தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இரண்டு சோதனையிலும் தேறிவிட்டதா? அப்படியானால் கை அசைவு போதவில்லை. நாள் முழுக்கக் கணினி முன் உட்காருபவர்களுக்கு இது சகஜம். ரிப்பேர் வேண்டாம், காலையில் 20 சுற்று போதும்.

கேள்வி: சீக்கோ 7எஸ்26. குமிழை எவ்வளவு திருகினாலும் சாவி ஏறவில்லை.

பதில்: ஏறாது. அந்த மெஷினில் கைச்சாவி வசதியே கிடையாது. நின்றுபோனால் வாட்ச்சைக் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் அரை நிமிடம் ஆட்டி, நேரம் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கைச்சாவி வேண்டுமானால் அதே குடும்பத்து என்எச்35 உண்டு. இவற்றில் ரிவர்சர் சக்கரம் இல்லை. 1959-இல் சீக்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர்தான் வேலை செய்கிறது. அதன் இரண்டு கரங்களில் ஒன்று பல்சக்கரத்தை இழுக்கும், மற்றது தள்ளும். ஆகவே ரோட்டார் எப்பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். சர்வீஸுக்குப் பிறகு ஏறவில்லை என்றால், அந்தக் கரங்கள் சக்கரத்தின் இருபுறமும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மியோட்டா 8215 வாட்ச்சில் கையை உதறினால் உள்ளே ஏதோ ‘விர்’ரென்று சுற்றுகிறது. பழுதா?

பதில்: இல்லை. அது ஒரு திசையில் மட்டும் சாவி ஏற்றும் மெஷின். மறு திசையில் ரோட்டார் சும்மா சுழல்வதே அந்தச் சத்தம். உரசல் சத்தம் வேறு விஷயம். பின்மூடியின் உட்புறத்தில் வில் போல் வளைந்த கீறல் தெரிந்தால் ரோட்டார் திருகு தளர்ந்திருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் வாட்ச்சைக் கட்டாதீர்கள். கழன்ற திருகு பேலன்ஸில் சிக்கினால் செலவு பல மடங்காகும்.

கேள்வி: தினமும் கையாலும் சாவி கொடுக்கிறேன். ஸ்பிரிங் அறுந்துவிடுமா?

பதில்: அறாது, வழுக்கிக்கொள்ளும். தேய்வது குமிழின் மறையும் சாவிப் பக்கத்துப் பற்களும்தான். ஆனால் முழுச் சாவிக்குப் பின் டிக்-டிக் சத்தம் குதிரை ஓட்டம்போல் தாளம் தப்பி, நேரமும் தாறுமாறாக முந்தினால், ஸ்பிரிங் நுனி வழுக்காமல் பேரலில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பேரலைத் திறந்து கழுவி, சரியான பிரேக் கிரீஸ் இடச் சொல்லுங்கள்.