தனித்திருக்கும்போது

கத்தோலிக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வகுப்புதோறும் உண்டியல் வைக்கிறோம். அதிகம் சேர்த்த வகுப்புக்குக் கேடயம். பசித்தோருக்கு உணவளிப்பது போன்ற ஏழு உடல்சார் இரக்கச் செயல்களும், 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்க்கச் சொன்ன எட்டாவதும் (படைப்பைப் பேணுவது) பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால், உடன்படிப்பவனின் பணத்தை எடுத்த பையனை அசெம்பிளியில் நிறுத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள். இரக்கத்தை எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கேடயத்தை நிறுத்திவிடுங்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று வாசித்துவிட்டு மேடையில் கோப்பை கொடுத்தால், பிள்ளைகள் கோப்பையைத்தான் நம்புவார்கள். அது போகட்டும்.

சிரித்தார்கள் என்று வருந்துகிறீர்களே, வேடிக்கை பார்க்க அவர்களைக் கூட்டிவைத்தது யார்?

ஆன்ம இரக்கச் செயல்களும் ஏழு உண்டு. தவறு செய்பவரைத் திருத்துவது அதில் ஒன்று. அதற்கு மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரம் ஒரு வரிசை சொல்கிறது. முதலில் நீங்களும் அவரும் தனித்திருக்கும்போது. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு. அப்போதும் கேட்காவிட்டால்தான் திருச்சபை. நம் பள்ளிகள் எடுத்த எடுப்பிலேயே மூன்றாம் படியில் ஏறி நிற்கின்றன.

தனியாக என்றால் பூட்டிய அறை அல்ல. கதவு திறந்திருக்கட்டும், மற்றவர்கள் பார்க்கலாம், பேச்சு காதில் விழக்கூடாது. அன்றைக்கே பேசுங்கள், இருவரும் உட்கார்ந்து. "ஏன் செய்தாய்?" என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும், "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பணத்தைத் தொலைத்தவன் அன்று பட்ட பாட்டைச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த மௌனம் பொறுக்காமல்தான் பல ஆசிரியர்கள் பிரசங்கத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

சும்மா விடச் சொல்லவில்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்தின், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதன், ஐந்து படிகளில் கடைசி, பரிகாரம். எடுத்த பணம் முழுதும் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் தவணையில், தேதி குறித்து. எப்படி என்பதை அவனே சொல்லட்டும். பறிகொடுத்தவனை இழுத்துவந்து கைகுலுக்க வைக்காதீர்கள். மன்னிப்பது அவன் பாடு, அவன் நேரம்.

பெரும்பாலும் கெடுவது ஆசிரியர் அறையில். மதியத்துக்குள் செய்தி மேசை மேசையாகப் போய்விடும். மூன்றாம் படி பின்வாசல் வழியாக வந்துவிட்டது! ஆறு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்தில் அதையே கிளறுவதும் அப்படித்தான்.

ஒன்று: பெரியவர் ஒருவர் குழந்தையிடம் தவறாக நடந்தால் இந்த வரிசை செல்லாது. அதைத் தனியாகப் பேசி முடிப்பதற்குப் பெயர் மூடிமறைப்பு.

அந்தப் பையனிடம் அதன்பின் யாராவது பேசினார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாளை முதல் மணி அடிக்கும் முன் போய், கூட்டத்தில் நிறுத்தியது தப்பு என்று சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அதற்கப்புறம்.