‘லிப்ஐகான்வ் போட்டுப் பாருங்கள்’ என்று கான்ஃபிகர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: பெங்களூரு ஜாலஹள்ளியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் சார். எங்கள் பொது லினக்ஸ் சர்வரில் எனக்கு ரூட் அனுமதி கிடையாது. டெர்மினலிலேயே மெயில் படிக்கலாமே என்று மட் (Mutt) என்ற மெயில் நிரலின் மூலநிரலை இறக்கி, என் ஹோம் டைரக்டரியில் கம்பைல் செய்யப் பார்த்தேன். கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் லைப்ரரி இல்லை என்றது. அதையும் ஹோமிலேயே தனி ஃபோல்டரில் கட்டி வைத்தேன். அடுத்து கான்ஃபிகர், ‘இந்த ஐகான்வ் போதாது, பதிலாக லிப்ஐகான்வ் பயன்படுத்திப் பாருங்கள்’ என்று சொல்லி நின்றுவிட்டது. சரி என்று லிப்ஐகான்வையும் கட்டினேன், நண்பர் சொன்னபடி, நிரல் ஓடும்போது லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத்தும் (LD_LIBRARY_PATH) அமைத்தேன். கான்ஃபிகர் தாண்டியது. கம்பைல் செய்யும் மேக் (make) கட்டளையில் லிப்ஐகான்வ் ஹெட்டர் (அறிவிப்பு ஃபைல்) இருக்கும் வழியையும் கொடுத்தேன். எல்லாம் ஓடி, கடைசியில் ‘லிப்ஐகான்வ்_ஓப்பன்’ எங்கே என்று தெரியவில்லை என, துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் மறுக்கிறது. மும்பை மாட்டுங்காவில் இருந்த என் பெரியப்பா 2001, 2002 வாக்கில் அனுப்பிய தமிழ் மெயில்கள், பல மெயில்களைச் சேர்த்து வைக்கும் ஒரு பழைய எம்பாக்ஸ் ஃபைலில் இருக்கின்றன. அவற்றையும் இதில் படிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அதற்கு லிப்ஐகான்வ் உங்களுக்குத் தேவையே இல்லை. கான்ஃபிகர் சொன்னதை நம்பி அதை நிறுவியதில்தான் இரண்டாவது சிக்கல் பிறந்தது. முதல் சிக்கலுக்கும் ஐகான்வுக்கும் அநேகமாகச் சம்பந்தமே கிடையாது.

ஐகான்வ் என்பது ஓர் எழுத்துக் குறியாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் நிரல்தொகுப்பு. மெயில் எந்தக் குறியாக்கத்தில் வந்தாலும் உங்கள் டெர்மினலுக்குப் புரியும்படி மாற்ற மட் இதைத்தான் கூப்பிடுகிறது. வழக்கமான லினக்ஸ் விநியோகங்களில் இது ஜி-லிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. தனியாக வரும் ஜிஎன்யூ லிப்ஐகான்வ், உள்ளே நல்ல ஐகான்வ் இல்லாத கணினிகளுக்காக எழுதப்பட்டது. ஜி-லிப்சி இருக்கும் இடத்தில் அதைக் கொண்டு வந்து வைத்தால் ஒரே வேலைக்கு இரண்டு பேர் என்றாகிவிடும்.

அப்படியானால் கான்ஃபிகர் ஏன் போதாது என்றது? அந்தச் சோதனை என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். சின்னதாக ஒரு சி நிரலை அது எழுதிக்கொள்கிறது. ஒருங்குறியின் (யூனிகோட்) வடிவமான யூடிஎஃப்-8இலிருந்து யூடிஎஃப்-8க்கே மாற்றும் ஒரு வழியைத் திறந்து, அது ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று பார்ப்பதுதான் நிரலின் வேலை. அதைக் கம்பைல் செய்து, *ஓட்டியும்* பார்க்கிறது. ஓட்டம் எந்தக் காரணத்தால் தோற்றாலும் பழி ஐகான்வ் மேல்தான் விழும். யூடிஎஃப்-8 ஜி-லிப்சியின் உள்ளேயே கட்டப்பட்டது, அதற்குத் தனி ஃபைல்கூட வேண்டாம். எனவே அந்தச் சோதனையில் ஜி-லிப்சி தோற்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

உங்கள் விஷயத்தில் நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: அந்தச் சோதனை நிரலோடு, கான்ஃபிகர் அதுவரை சேர்த்து வைத்திருந்த லைப்ரரிகளும் இணைக்கப்படும். உங்கள் ஹோமில் கட்டிய என்கர்சஸும் அதில் ஒன்று. கம்பைல் செய்யும்போது அதன் இடம் லிங்கருக்குத் தெரியும். நிரல் ஓடும்போது சிஸ்டத்துக்குத் தெரியாது. பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று நிரல் விழுந்ததும், கான்ஃபிகர் அதை ‘ஐகான்வ் போதாது’ என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டது. எல்டி லைப்ரரி பாத் அமைத்த பிறகு தாண்டியது என்கிறீர்களே, என் சந்தேகத்தை அது உறுதிப்படுத்துகிறது. தாண்டியதற்குக் காரணம் லிப்ஐகான்வ் அல்ல, என்கர்சஸ் கண்ணில் பட்டதுதான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மூலநிரல் ஃபோல்டரில் கான்ஃபிக்.லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். திரையில் ஒரு வரியில் சொல்லி முடித்ததற்கு அதில் முழு வாக்குமூலம் இருக்கும்: எந்த நிரலைச் சோதித்தது, எந்தக் கட்டளையில் கம்பைல் செய்தது, ஓட்டியபோது என்ன செய்தி வந்தது. ‘போதாது’ என்ற சோதனையைத் தேடிப் பிடித்து, அதை அடுத்த பத்துப் பதினைந்து வரிகளைப் படியுங்கள். கான்ஃபிகரை மறுபடி ஓட்டியிருந்தால் பழைய லாக் அழிந்திருக்கும். எல்டி லைப்ரரி பாத்தை நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டினால் பழைய பிழை திரும்ப வரும். திரையில் வரும் கடைசி வரியைத் தேடுபொறியில் போட்டு, யாரோ யாருக்கோ எப்போதோ சொன்ன தீர்வைச் செய்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கான்ஃபிகர் விஷயத்தில் அது அரைநாளைத் தின்றுவிடும்.

இனி லிங்கர் பிழை. லிப்ஐகான்வின் ஹெட்டர் ஃபைல் ஒரு காரியம் செய்கிறது. ஜி-லிப்சியோடு பெயர் மோதாமல் இருக்க, ‘ஐகான்வ்_ஓப்பன்’ என்று நிரலில் எழுதியிருப்பதையெல்லாம் ‘லிப்ஐகான்வ்_ஓப்பன்’ என்று மாற்றிவிடுகிறது. ஐகான்வ், ஐகான்வ்_குளோஸ் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். அந்தப் பெயர்கள் லிப்ஐகான்வ் லைப்ரரிக்குள் மட்டுமே இருக்கும், ஜி-லிப்சியில் இருக்காது. உங்கள் கான்ஃபிகர், சிஸ்டத்தின் சொந்த ஐகான்வைப் பார்த்துத் திருப்தியாகி, தனி லைப்ரரி எதையும் இணைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. அதன் பிறகு மேக் கட்டளையில் நீங்கள் புதிய ஹெட்டரின் வழியைக் கொடுத்தீர்கள். முடிவு எடுத்தது ஒரு ஹெட்டரைப் பார்த்து, கம்பைல் ஆனது இன்னொரு ஹெட்டரோடு. பெங்களூரில் எதற்கும் ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று கேட்டு வாங்கிவிடலாம். லிங்கரிடம் அது நடக்காது. ஹெட்டரும் லைப்ரரியும் ஒரே நிறுவலிலிருந்து வந்தே ஆகவேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஆப்பிளின் மேக் (Mac) கணினியில் மேக்போர்ட்ஸ் என்ற நிரல் நிறுவி வழியாக நிறுவுபவர்கள் ‘ஐகான்வ்_ஓப்பன்’ கிடைக்கவில்லை என்று புலம்புவார்கள், முன்னால் ‘லிப்’ இல்லாமல். அங்கே ஹெட்டர் ஆப்பிளுடையது, லைப்ரரி மேக்போர்ட்ஸுடையது. பிழைச்செய்தியில் ‘லிப்’ இருந்தால் ஹெட்டர் வெளியிலிருந்து வந்திருக்கிறது, இல்லாவிட்டால் லைப்ரரி வெளியிலிருந்து வந்திருக்கிறது. யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சரி, சுத்தம் செய்வோம். லிப்ஐகான்வ் மூலநிரல் ஃபோல்டர் இன்னும் இருந்தால் அங்கே போய் மேக் அன்இன்ஸ்டால் கொடுங்கள். இல்லையென்றால் கையால் அழிக்க வேண்டியதுதான்: ஐகான்வ், லிப்கார்செட், லோக்கல்கார்செட் என்ற மூன்று ஹெட்டர்கள், அவற்றின் லைப்ரரிகள், அப்புறம் ‘பின்’ (bin) ஃபோல்டரில் இருக்கும் ஐகான்வ் என்ற நிரல். இந்தக் கடைசி ஆசாமியைப் பலரும் மறந்துவிடுவார்கள். நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்தில் (PATH) உங்கள் ஹோம் முன்னால் இருந்தால், ‘ஐகான்வ்’ என்று தட்டும்போது ஓடுவது சிஸ்டத்துடையது அல்ல, நீங்கள் கட்டியது. நீங்கள் சோதிப்பது ஒன்று, மட் கூப்பிடுவது வேறொன்று என்று ஆகிவிடும். பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்: லிப்ஐகான்வ் என்று தன் பெயரைச் சொன்னால் இன்னும் போகவில்லை, ஜி-லிப்சி பெயர் வந்தால் சிஸ்டத்துடையது.

அடுத்து மட் ஃபோல்டரில் மேக் டிஸ்ட்கிளீன். கான்ஃபிக்.கேஷ் ஃபைல் இருந்தால் அதையும் அழியுங்கள், பழைய முடிவுகள் அதில் ஒளிந்திருக்கும். எல்டி லைப்ரரி பாத்தை லாகின் ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை நிரந்தரமாக வைத்துக்கொண்டால் சம்பந்தமே இல்லாத வேறு நிரல்களும் உங்கள் ஹோம் லைப்ரரிகளைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பதில் ஆர்பாத் (rpath). கான்ஃபிகர் கொடுக்கும்போதே எல்டி-ஃபிளாக்ஸில் (LDFLAGS) என்கர்சஸ் லைப்ரரி இருக்கும் ஃபோல்டரையும், லிங்கருக்கான ஆர்பாத் ஆப்ஷனாக அதே ஃபோல்டரையும் சேருங்கள். என்ன லைப்ரரி, எங்கே என்ற தகவல் மட் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும், வெளியே எதையும் அமைக்க வேண்டாம். ஹெட்டர் வழியை சிபிபி-ஃபிளாக்ஸில் (CPPFLAGS) கொடுங்கள், அதுவும் கான்ஃபிகர் நேரத்திலேயே. மேக் கட்டளையில் எதையும் ஒட்டாதீர்கள். வெறும் மேக் போதும்.

என்கர்சஸைக் கட்டும்போது வைட்கேரக்டர் ஆப்ஷனைக் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் லைப்ரரியின் பெயர் ‘என்கர்சஸ்டபிள்யூ’ என்று முடியும். கொடுக்காவிட்டால் மறுபடி கட்டுங்கள். தமிழுக்கு இது கட்டாயம். ஒரு பைட்டை ஓர் எழுத்தாக நினைக்கும் பழைய வகையில் ஐகான்வ் எவ்வளவு சரியாக மாற்றிக் கொடுத்தாலும் திரையில் குப்பைதான் வரும். உண்மையில் அட்மினுக்கு ஒரு டிக்கெட் போட்டு என்கர்சஸ் டெவலப்மென்ட் பேக்கேஜை மட்டும் நிறுவச் சொன்னால் இந்தப் பத்தி முழுக்கத் தேவைப்படாது. ஒரு நிமிட வேலை அது, கேட்டுப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் மட் கட்டளையை ‘வி’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஐகான்வ், வைட்கேரக்டர் இரண்டுக்கும் எதிரே கூட்டல் குறி இருக்க வேண்டும். மேலே என்கர்சஸ் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் ‘லிப்ஐகான்வ்’ என்று ஒரு பதிப்பு எண் தெரிந்தால் பழைய ஹெட்டர் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். எல்டிடி கட்டளையை மட் ஃபைல் மேல் ஓட்டினால் எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்ற பட்டியல் கிடைக்கும். அதிலும் லிப்ஐகான்வ் வரக்கூடாது.

லிப்ஐகான்வ் உண்மையிலேயே வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆல்பைன் லினக்ஸ் மஸ்ல் என்ற சிறிய சி லைப்ரரியில் ஓடுகிறது. அதன் ஐகான்வுக்குத் தெரிந்த குறியாக்கங்கள் குறைவு என்பதால் ஜிஎன்யூ லிப்ஐகான்வ் தனி பேக்கேஜாகக் கிடைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், வித்-லிப்ஐகான்வ்-பிரிஃபிக்ஸ் என்ற கான்ஃபிகர் ஆப்ஷனில் அதன் இடத்தைச் சொல்லிவிட்டால் ஹெட்டர், லைப்ரரி இரண்டையும் மட் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். டிஸேபிள்-ஐகான்வ் என்றும் ஓர் ஆப்ஷன் உண்டு. அதைக் கொடுத்தால் பிழை மறையும், கூடவே தமிழும் மறையும். தொடாதீர்கள்.

மட் ஓடத் தொடங்கிய பிறகும் தமிழ் தெரியவில்லை என்றால் திரையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். வெறும் கேள்விக்குறிகள் என்றால் லோகேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பில் பிரச்சினை. சர்வரில் உங்கள் லோகேல் ‘சி’ என்று விழுந்திருக்கும். ஆஸ்கிக்குள் அடங்காத எழுத்துகளையெல்லாம் மட் கேள்விக்குறியாக்கிவிட்டது. இந்திய ஆங்கிலமோ இந்தியத் தமிழோ, யூடிஎஃப்-8 லோகேல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது சர்வரில் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்பதை லோகேல் பட்டியலில் பாருங்கள், லேப்டாப்பில் இருந்தால் போதாது. மட் அமைப்பில் கார்செட் (குறியாக்கத்தின் பெயர்) மதிப்பைக் கையால் எழுதி வைக்காதீர்கள், லோகேலிலிருந்து அதுவே தெரிந்துகொள்ளும்.

கேள்விக்குறிக்குப் பதில் \340\256\225 என்பது போல எண்கள் வந்தால் சந்தோஷப்படலாம். அது ‘க’. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் மூன்று பைட். எட்டை அடியாகக் கொண்ட ஆக்டல் எண்ணில் முதலாவது எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. இந்த வரிசை தெரிந்தால் மெயில் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, காட்டுவதில்தான் கோளாறு. மெயிலில் கார்செட் குறிப்பிடாமல் விட்டிருப்பார்கள், அல்லது என்கர்சஸ் பழைய வகையாக இருக்கும்.

பெரியப்பாவின் மெயில்களுக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒருங்குறி இன்னும் பரவவில்லை. 2001, 2002 என்றால் அந்நாளைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியாக (TSCII) இருக்கலாம். ஜி-லிப்சியின் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். ஐகான்வ் நிரலிடம் பட்டியல் கேட்டுப் பாருங்கள், பெயர் பெரும்பாலும் இருக்கும். சிஸ்டத்தின் ஐகான்விலேயே இருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தலைப்பில் கார்செட் என்று ஒன்றும் இருக்காது, அல்லது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்று தப்பாக இருக்கும், ஏனென்றால் எழுத்துரு பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் விட்டுவிட்ட காலம் அது. மெயிலைத் திறந்து கண்ட்ரோலோடு ‘ஈ’ அழுத்தினால் மட் அதன் வகையை மாற்றச் சொல்லும். கார்செட் இருக்கும் இடத்தில் திஸ்கியின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். ஒரு மெயில் சரியாகத் தெரிந்துவிட்டால், அதே தப்பான பெயரோடு வரும் மற்றவற்றுக்கு கார்செட்-ஹூக் என்ற அமைப்பில் நிரந்தரமாக எழுதிவிடலாம். ஐஎஸ்ஓ-8859-1க்கு மட்டும் அப்படி எழுதாதீர்கள், உண்மையிலேயே அந்தக் குறியாக்கத்தில் வரும் மெயில்கள் கெட்டுவிடும்.

எம்பாக்ஸ் ஃபைலை மொத்தமாக ஐகான்வ் வழியே தள்ளி மாற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் பாதி மெயில்கள் பேஸ்64, கோட்டட்-பிரிண்டபிள் என்று மூடிய நிலையில் இருக்கும். ஐகான்வ் அவற்றை உள்ளே பார்க்காமல் தாண்டிப் போகும், ஒரே ஃபைலில் இரண்டு குறியாக்கம் கலந்து கிடக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

திஸ்கி என்று போட்டும் எழுத்து புரியவில்லை என்றால் அது டாப் (TAB) அல்லது டாம் (TAM) குறியாக்கமாக இருக்கலாம், 1999 சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தவை. அவை ஐகான்வ் பட்டியலில் இல்லை. அந்த மெயில்களின் உரையை வெளியே எடுத்துத் தனி மாற்றி ஒன்றில்தான் போட வேண்டும்.

எழுத்தெல்லாம் சரியாக வந்து, ‘கெ’ மட்டும் கொம்பு பின்னால் போய் நின்றால் அது டெர்மினலின் குறை. இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த எம்எல்டெர்ம் போன்ற ஒன்றில் திறந்து பாருங்கள். அதற்காக மட்டை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.