மங்காவை எங்கயிருந்து தொடங்குறது? – பதில்

வணக்கம் தங்கச்சி. மங்கா, அதுதான் யப்பான் சித்திரக்கதை, வாசிக்க வெளிக்கிட்டு, நூறு பாகம் தாண்டின 'வன் பீஸ்' இல தொடங்கி, படப் பெட்டிகளின்ர ஒழுங்கு பிடிபடாமல் மூடிவைச்சிட்டன் எண்டு எழுதியிருந்தீங்கள். ஒழுங்கு லேசு: வலப்பக்க மேல் மூலையில தொடங்கி இடப்பக்கம் போங்கோ, பிறகு கீழ. பேச்சுக் குமிழிகளும் அப்பிடித்தான்.

கிளிநொச்சியில ஏ.எல். முடிச்சிட்டு நிக்கிற உங்களுக்கு நான் சொல்லுறது ஹிரோமு அரகவாவின்ர 'சில்வர் ஸ்பூன்'. 15 பாகத்தோட முடிஞ்ச கதை. படிப்பு நெருக்கடியில களைச்ச நகரத்துப் பெடியன் ஒருத்தன் ஹொக்கைடோவில விவசாயப் பள்ளிக்கூடத்துக்குப் போறான். தான் பேர் வைச்சு வளர்த்த பன்றிக்குட்டி இறைச்சிக்குப் போகேக்க அவன் படுற பாடு, மாடு வளர்க்கிற வன்னி வீடுகளுக்கு நல்லா விளங்கும். அரகவாவே பால்பண்ணையில வளர்ந்தவ. அதால பட்டி வேலையெல்லாம் அச்சொட்டா இருக்கும்.

'பெயர்ஃபுட் கென்' பற்றியும் கேட்டிருந்தீங்கள். 1945 இல ஹிரோஷிமாவில போட்ட அணுகுண்டில இருந்து ஆறு வயசில உயிர் தப்பின கெய்ஜி நகசவா தன்ர அனுபவத்தை வைச்சுக் கீறினது. கட்டாயம் வாசிக்கவேணும், ஆனா முதலாவதா வேண்டாம். எரிஞ்ச உடம்புகளை ஒளிக்காமல் கீறியிருக்கு. 2009 இல பங்கருக்குள்ள இருந்த அம்மாவோட இருக்கிறன் எண்டீங்கள். வாங்கினால் மேசையில திறந்து வைக்காதேங்கோ.